டீ வரைக்கும்

எங்கள் ஊர் மல்லாராவில் யாரும் டென்னிஸ் பார்க்க வரவில்லை. டல்சி டிரேகரைப் பார்க்கத்தான் வந்தார்கள். அதிலும் பாதிப் பேர், இவள் எப்போது கோபித்துக்கொண்டு போவாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்தக் கும்பலை அன்றைக்குக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

எங்கள் ஆடுகளம் கரையான் புற்றை இடித்துத் தூளாக்கிப் பரப்பிய செம்மண். வெள்ளை உடுப்பில் போய்ச் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள் மாதிரி திரும்புவோம். சனிக்கிழமை என்றால் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான். ஆட்டமெல்லாம் முடிந்ததும் பிர்க்கெட் அம்மா கொட்டகையில் தொங்கும் பழைய கலப்பையின் இரும்புத் தட்டைக் கம்பியால் அடிப்பார். அடித்தால் டீ தயார் என்று அர்த்தம். ஜெயித்தவர், தோற்றவர் எல்லோருக்கும் ஒரே மேஜை. பூசணிக்காய் போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டி, தேங்காய்த்தூளில் புரட்டிய கேக், கரிப்புகை வாசம் வீசும் டீ. அடடா, அந்த வாசம்!

டல்சி மட்டும் அந்த மேஜையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பிரிஸ்பேன் வரை போய்க் கோப்பை வாங்கி வந்தவள் அவள். இடது பக்கம் வரும் பந்தை அவள் வெட்டி அனுப்பும் அழகு இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் நடுவர் ஒரு பந்தை வெளியே என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மட்டையைத் தரையில் ஓங்கி அறைவாள். உடையாவிட்டால் இன்னொரு அறை. பிறகு யாரையும் பார்க்காமல் தன் வண்டியில் ஏறிப் போய்விடுவாள். தூசி அடங்கும்போது வலைக்கு இந்தப் பக்கம் ஒரு மடையன் தனியாக நின்றுகொண்டிருப்பான். அவளோடு ஜோடி சேர்ந்து ஆடிய நெவில் கார்மொடி. நான்தான்.

அந்த வருடம் சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை பாதியில் போனால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். டென்னிஸ் இல்லையென்றால் அவள் பண்ணையை விட்டு ஊருக்குள் வர வேறு காரணமே கிடையாது. அவள் வராவிட்டால் எனக்குச் சனிக்கிழமை எதற்கு? இதை அவளிடம் சொல்லத்தான் எனக்குத் துப்பில்லை.

இறுதி ஆட்டத்தன்று அவள் வண்டியின் படியில் உட்கார்ந்து ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஜென்மத்துக்கும் கோபப்பட மாட்டேன், நெவ். வாயே தொறக்க மாட்டேன். சத்தியம்."

"போன மாசமும் இதே சத்தியம்தான். முதல் செட்டையே தாண்டல."

"அப்ப என்னதான் பண்ணணுங்கற?"

"கோபப்படு. நல்லாக் கத்து. ஆனா டீ வரைக்கும் இரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். தட்டு அடிச்சதும் கிளம்பிடு. வேணும்னா நானும் உன் வண்டியில ஏறிக்கறேன்."

"ஆமா, உன்னை ஏத்திக்கிட்டுப் போகத்தான் வண்டி வாங்கினேன்!" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

கடைசி செட் சமமாகப் போனது. உயர நாற்காலியில் நடுவராக இருந்தவர் பிர்க்கெட் அம்மாவின் வீட்டுக்காரர் ஸ்டான். டல்சி கோட்டின் மேலேயே ஒரு பந்தை இறக்கினாள். எனக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியும், வேலியில் உட்கார்ந்திருந்த காக்கட்டூக் கிளிக்கும் தெரியும். ஸ்டான் "வெளியே" என்றார்.

"தடம் இருக்கு! இறங்கி வந்து பாருங்க!"

"இறங்க மாட்டேம்மா. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு இறங்கினா மறுபடி ஏற முடியாது."

கூட்டம் சிரித்தது. டல்சியின் முகம் தரையைவிடச் சிவந்தது. மட்டை பறந்தது. அவள் வண்டியை நோக்கி நடந்தாள். போகாதே என்று கத்தினால் இன்னும் வேகமாகப் போவாள். அதனால் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"பிர்க்கெட் அம்மா! டீ எந்த மட்டுல இருக்கு?"

"தண்ணி கொதி வருது, தம்பி!"

வண்டிக் கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். என்னை, ஸ்டானை, ஸ்டானின் முட்டியை. பிறகு திரும்பி வந்து மட்டையை எடுத்துக்கொண்டாள்.

தோற்றுப்போனோம். அவள் ஸ்டானின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவர் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். தட்டு அடித்தது. டல்சி மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"த்தூ, இந்தக் கழனித் தண்ணிக்கா இவ்வளவு நேரம் இருக்கச் சொன்னே?"

சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமையும் இருந்தாள். பிறகு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அங்கேயும் அதே சட்டம்தான். எவ்வளவு பெரிய சண்டையானாலும் டீ வரைக்கும் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. மழை பொய்த்து ஆடுகள் செத்து விழுந்த வருடம், பண்ணையை விட்டுவிடலாம் என்று நான் தினமும் காலையில் புலம்புவேன். டீ வரைக்கும் பார்ப்போம் என்பாள். டீ குடித்த பிறகு போவதற்கு மனசு வராது.

போன கோடையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த மத்தியானம் அவள் மூச்சுக்குத் திண்டாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"வண்டிய நிழல்ல விட்டுட்டு வரேன்."

"நிழல்லதான் நிக்குது. ஜன்னல்ல தெரியுது."

"என்னால முடியல, டல்ஸ்."

"கடைசி வரைக்கும் இருன்னு யாரு சொன்னா? டீ வரைக்கும் இரு."

"இருக்கேன்" என்று உட்கார்ந்தேன். அத்தனை மட்டைகளை உடைத்த கையைப் பிடித்துக்கொண்டேன். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. வராந்தாவில் டீ வண்டியின் கோப்பைகள் கிணுகிணுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறையாக நின்று நின்று வந்தது. எங்கள் கதவுக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

பழைய புத்தி! பாதியில் எழுந்து போகிறவள்தானே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் மட்டை இருந்திருந்தால் தரையில் அறைந்திருப்பேன்.

டீ கொண்டுவந்த பெண் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டாள்.

"ஐயோ... நான் அப்புறமா வரட்டுமா, தாத்தா?"

"வேண்டாம்மா, ஊத்து" என்றேன். "இருக்கேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."