எர்த்து தேவையில்லை

திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் அந்த மூன்று மாடிக் கடைக்கு வருகிற ஜனங்கள் ஒரு சாமானை எப்படி நல்லது கெட்டது பார்க்கிறார்கள் என்று மதிவதனியைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்லுவாள். வாஷிங் மெஷினின் தலையில் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள், தேங்காய் வாங்குகிற மாதிரி. மிக்ஸியைத் தூக்கிப் பார்ப்பார்கள்; கனமாக இருந்தால் நல்ல சரக்கு. ஃபிரிட்ஜ் கதவு மூடுகிற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். ஸ்டிக்கரில் நட்சத்திரம் எத்தனை என்று எண்ணுவார்கள். அது கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதற்கான நட்சத்திரம், எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு இல்லை என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். இத்தனையும் பார்த்துவிட்டுக் கடைசியில், எது நல்லா இருக்கும் நீங்களே சொல்லுங்கள் என்று அவள் வாயைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

சம்பளம் கொடுப்பது கடை அல்ல என்பது ஜனங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆளை அங்கே நிறுத்தியிருக்கிறது. சிவப்புக் கோட்டு ஒரு கம்பெனி, பச்சைக் கோட்டு ஒரு கம்பெனி. மதிவதனி சுடிதாருக்கு மேல் நீலக் கோட்டு. கம்பெனியின் பெயர் நமக்கெதற்கு, நிறம் போதும். ஆறு வருஷமாக அந்த நீலத்தை ஊரார் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. கெட்டிக்காரத்தனத்தை எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று தை மாதப் பௌர்ணமி. காலையில் கடை திறந்ததும் அடி அண்ணாமலையிலிருந்து செழியன் என்று ஒருவன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கிரிவலப் பாதையில் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் இளநீர்க் கடை. மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தவள் முந்தாநாள்தான் மூன்று மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள். பனியில் பச்சைக் குழந்தைக்கு விறகு வைத்துத் தண்ணீர் காய்ச்ச முடியவில்லை, சின்ன ஹீட்டர் ஒன்று வேண்டும் என்றான்.

முதலில் அவனைப் பிடித்தது சிவப்புக் கோட்டு வேணு. வேணு வியாபாரத்துக்கு லாயக்கில்லாத நேர்மையான ஆள். வீட்டில் எர்த்து இருக்கிறதா என்று கேட்டான். பாத்ரூம் புதிதாகக் கட்டியது, பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, ஆனால் எர்த்து ஒயர் இழுக்கவில்லை என்றான் செழியன். அப்படியானால் முதலில் மண்ணில் குழி எடுத்து எர்த்து போடுங்கள், மெஷினில் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும், வழி இல்லாவிட்டால் உங்கள் உடம்பு வழியாகப் போகும், ஹீட்டரை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று வேணு சொல்லிவிட்டான். செழியன் முகம் தொங்கிப்போயிற்று.

அப்போதுதான் மதிவதனி பக்கத்தில் போய் நின்றாள். ஆறு வருஷ அனுபவம் பேசியது.

"அவங்க பிராண்டுக்கு அது வேணும்ங்க. எங்களுது அப்பிடி இல்ல. உள்ளயே சேஃப்டி இருக்குது. இதுக்கு எர்த்து தேவையில்ல."

செழியன் நம்பினான். நல்ல பிராண்டு என்றால் ஷாக் அடிக்காது என்று இந்த ஜில்லாவில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்; அவள் அந்த நம்பிக்கைக்கு ஒரு நீலக் கோட்டை மாட்டிவிட்டாள், அவ்வளவுதான். தோட்டத்து மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவன், ஹீட்டரைத் தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னான். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் குழந்தையை இந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டப்போகிறோம் என்று சிரித்துக்கொண்டே பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு போனான். வேணு அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு முருகவேல் வந்தான். நீலக் கம்பெனியின் சர்வீஸ் ஆள். மாவட்டம் முழுக்க பைக்கில் அலைந்து ரிப்பேர் பார்ப்பவன். எப்போதும் கடைக்கு வந்ததும் யாரையாவது கிண்டல் செய்வான். அன்று செய்யவில்லை. தண்ணீர்க் கேன் பக்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கீழ்பென்னாத்தூர்ல நம்ம மூணு லிட்டர் ஹீட்டர்க்கா. ஜோதியம்மாள்னு ஒரு அம்மா, குளிக்கும்போது தூக்கி அடிச்சிருக்குது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போயிருக்காங்க. இன்னும் கண்ணு முழிக்கல."

அவன் போய்ப் பிரித்துப் பார்த்திருக்கிறான். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் அடியில் இருக்கிற சீல் பிளந்திருக்கிறது. தண்ணீர் இறங்கி, கரண்ட் தண்ணீரில் ஏறிவிட்டது. போன மாதம் மொத்தமாக வந்து இறங்கிய லாட்டில் இது மூன்றாவது. ஒன்று பத்து நாளில் போயிற்று, ஒன்று மாட்டிய அன்றைக்கே போயிற்று. மேலே சொன்னானாம். புகார் வர வர மாற்றிக் கொடு, ஊரைக் கூட்டாதே என்றார்களாம்.

"எர்த்து இருந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதுக்கா. அந்த வீட்ல எர்த்தே இல்ல. வேணாம்னு எவனோ சொல்லி வித்திருக்கான், பாவி."

மதிவதனி, அப்படியா என்று கேட்டாள். அவளுக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஜோதியம்மாளை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகளோடு வந்தவள், உட்கார நாற்காலி கேட்டவள், போகும்போது நல்லா இரும்மா என்று இவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனவள். முருகவேலிடம் அந்தப் பாவி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.  அவன் போன பிறகுதான் செழியன் பைக்கில் கட்டிக்கொண்டு போன பெட்டி கண்முன் வந்து நின்றது. அதுவும் அதே லாட்டு.

மணி நான்கே கால். பில்லைத் தேடி எடுத்து அவன் நம்பருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தாள். பௌர்ணமியன்று மலையைச் சுற்றி லட்சக்கணக்கில் ஜனம் கூடினால் அந்தப் பக்கம் எந்தப் போனும் எடுக்காது. இது திருவண்ணாமலையில் பால்காரருக்குக்கூடத் தெரியும். பதினோரு முறை அடித்தாள். வேணுவிடம் சொல்லலாம், மேனேஜரிடம் சொல்லலாம், போலீசுக்குச் சொல்லலாம். சொன்னால் முதல் கேள்வி, எர்த்து வேண்டாம் என்று சொன்னது யார் என்பதாக இருக்கும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: குழந்தை செத்துவிடுமோ என்று ஒரு பயம், தான் மாட்டிக்கொள்வோமோ என்று ஒரு பயம், இரண்டும் அவளுக்குள் ஒரே அளவில்தான் இருந்தன. தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்திலேயே தடுப்பு போட்டிருந்தார்கள். கிரிவலம் முடிகிற வரைக்கும் ஆம்புலன்ஸைத் தவிர வண்டி எதுவும் கூடாது. அங்கே நின்ற போலீஸ்காரரிடம் அவசரம் என்றாள். இன்றைக்கு எல்லாருக்கும் அவசரம்தான் என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. ஸ்கூட்டியை ஒரு டீக்கடை ஓரத்தில் சாய்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

கிரிவலம் வருகிறவர்கள் ஊரிலிருந்து கிளம்பி, அடி அண்ணாமலையைத் தாண்டி, குபேர லிங்கம் பார்த்து, கடைசியில்தான் இந்த ஈசான்யத்துக்கு வருவார்கள். அந்த வழியாகப் போனால் அவள் பாதி மலையைச் சுற்ற வேண்டும். நேரமில்லை. எதிர்ப்பக்கமாக நடந்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆகவே ஊரே ஒரு திசையில் வர, அவள் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் போனாள்.

அப்படி நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். வெறுங்காலோடு வருகிற கூட்டம் சுவர் மாதிரி வந்து நெஞ்சில் மோதியது. நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர் அவள் முன்னால் கையை விரித்து மறித்து, எதிரில் சுற்றினால் பாவம் என்றார். புதிதாகப் பாவம் சேர அவளிடம் இடம் எங்கே இருந்தது? அவர் கைக்குக் கீழே குனிந்து ஓடினாள். ஒரு பெண், நீலக் கோட்டைப் பார்த்து இவள் ஏதோ ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். மதிவதனிக்கு அழுகை வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஓடினாள். குபேர லிங்கத்தருகே நெரிசலில் ஒரு செருப்பு போயிற்று, மற்றதையும் உதறினாள்.

ஓட ஓட அவள் கண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. குளிப்பாட்டுகிறவள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கால்மேல் குழந்தை கவிழ்ந்து படுத்திருக்கிறது, தரையெல்லாம் ஈரம், குழாயைத் திருக ஒரு கை நீளுகிறது. அதற்கு மேல் நினைக்காமல் இருக்க, அண்ணாமலையாரே அண்ணாமலையாரே என்று வாய்விட்டுச் சொன்னாள். சுற்றிலும் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டு வந்ததால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாயு லிங்கம் வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. மணி ஐந்தே முக்கால்.

அடி அண்ணாமலையில் இரண்டு பேரை விசாரித்து இளநீர்க் கடையைக் கண்டுபிடித்தாள். செழியன் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னாங்க, எதிர்ல வர்றீங்க?"

ஹீட்டரை நிறுத்தச் சொன்னாள். மூச்சு வாங்கியதில் சொல் சரியாக வரவில்லை. மனைவி உள்ளேதான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவனைத் தாண்டி வீட்டுக்குள் புகுந்தாள். பின்கட்டில் பாத்ரூம் கதவு திறந்திருந்தது. அவள் கண்ணில் ஓடிய படம் அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது. நீட்டிய கால், கால்மேல் குழந்தை. குழாயிலிருந்து பக்கெட்டுக்குள் ஆவி பறக்கத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செழியனின் மனைவி வினோதினி சொம்போடு பக்கெட்டை நோக்கிச் சாய்ந்தாள்.

"தொடாதீங்க!"

வெளிச்சுவரில் இருந்த சுவிட்சை மதிவதனி அடித்து அணைத்தாள். ஹீட்டரில் எரிந்த சிவப்பு விளக்கு போயிற்று. குழந்தை வீறிட்டு அழுதது. வினோதினி பயந்துபோய்ப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே நான்கைந்து சொம்பு ஊற்றியாகிவிட்டதாம், நல்ல இளஞ்சூடாம்.

கீழ்பென்னாத்தூரில் நடந்ததை அவள் சொல்லக் கேட்ட செழியன், மோட்டார் பிரிக்கிற, கரண்ட் பட்டால் எரிகிற டெஸ்டரை எடுத்து வந்தான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாயில் வைத்தான். மதிவதனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெஸ்டர் எரியவில்லை. ஹீட்டரின் உடம்பில் வைத்தான், எரியவில்லை. தண்ணீரில் வைத்தான், எரியவில்லை. நிம்மதியாக இருக்கவேண்டிய அந்த இடத்தில்தான் அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. எரிந்திருந்தால் அவர்களே அதைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

"பாத்தீங்களா. நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்குது," என்றான் செழியன், அவளுக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி. கீழ்பென்னாத்தூரில் ஒயரிங் சரியில்லாமல் இருக்கும் என்றான். போட்டி கம்பெனிக்காரன் எவனாவது கதை கட்டியிருப்பான் என்றான். காலையில் அவள் விற்றது ஹீட்டரை மட்டுமல்ல. நம்பிக்கையையும் சேர்த்து விற்றிருந்தாள், அது நன்றாக உழைத்தது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வேண்டாம், எர்த்து போடுகிற வரைக்கும் வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். குழந்தை பனியில் நடுங்குகிறது, நகருங்கள் என்று வினோதினி மறுபடி சொம்பை எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சீல் பிளக்க பத்து நாள் ஆகலாம், பத்து நிமிஷமும் ஆகலாம்.

மதிவதனி ஈரத்தரையில் வெறுங்காலோடு இறங்கி, பக்கெட்டுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள்.

"நான் பொய் சொன்னேன். எர்த்து வேணும். எந்த பிராண்டா இருந்தாலும் வேணும். தெரிஞ்சேதான் சொன்னேன், நீங்க வாங்கணும்னு."

 வினோதினி குழந்தையை வாரி எடுத்து ஈரத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு சுவரோரம் போனாள். மூன்று மாதக் குழந்தையை ஒரு திருடியிடமிருந்து காப்பாற்றுகிற மாதிரி நின்றாள். செழியன் மெதுவாகப் போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். திட்டுவான் என்று மதிவதனி எதிர்பார்த்தாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தாள்.

"அந்த கீழ்பென்னாத்தூர் அம்மாகிட்டயும் இத்ததான் சொன்னீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"வேற யார்கிட்ட?"

வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியை அவள் கிட்டே வரவிடாமல்தான் ஓடி வந்திருந்தாள். இப்போது பாத்ரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போளூர் ரோட்டு டீச்சர், அருணாதேவி என்றாள். வீடு கட்டிக் குடிபோன அப்பாசாமி என்றாள். செழியன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, சிக்னல் இல்லை, சொல்லிக்கொண்டே இருங்கள், வெளியே போனதும் ஒவ்வொருவராகப் பேசலாம் என்றான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பதாவது ஆளுக்கு மேல் முகங்கள்தான் வந்தன, பெயர் வரவில்லை.