ஐந்தாவது போர்வை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து ஆரம்பித்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தெம்பு இருக்குமா தெரியாது. ஒரு தோழிக்காகத் தைத்துக்கொண்டிருந்த போர்வையின் ஓரம், நான் கவனிக்காமல் துணி மாட்டும் வளையத்துக்கு அடியில் மடிந்து கிடந்திருக்கிறது. எம்ப்ராய்டரி மெஷின் அதையும் சேர்த்துத் தைத்துவிட்டது. ஆறாயிரத்துச் சொச்சம் தையல். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் ஒரு கதைக்கு முதல் வரி தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வரி இது: "அவள் உயரமானவள், ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது..."

(வேண்டாம். அவளைப் பற்றி எழுதக் கூடாது.)

இன்னொன்று: "துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைப்பது போலத்தான் நட்பும்..."

(இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

2

நாங்கள் ஆறு பேர். ஒரே அலுவலகம், இருபது வருடம் ஒரே சாப்பாட்டு மேசை. வேலையை விட்ட பிறகு மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைத்துத் தருவதாக வாய் விட்டுவிட்டேன். பழைய துணிகளைத் துண்டு போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, மேலே அவரவருக்கு ஏற்ற ஒரு பூவேலை. டைப்பிஸ்டுக்கு, அவள் தினமும் தொலைத்துவிட்டுத் தலையிலேயே கண்டுபிடிக்கும் மூக்குக்கண்ணாடி. கேஷியருக்கு அவளுடைய நசுங்கிய டிபன் டப்பா. நாலு போர்வை போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது நெட்டைக்கு; உயரத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர்.

துணிகளை இஸ்திரி போட்டுத் தருவது என் தங்கை. அவளுக்கு என் கதைகளும் பிடிக்காது, போர்வைகளும் பிடிக்காது.

"பட்டனை அமுக்குற. மெஷின் தைக்குது. நீ உக்காந்து வேடிக்கை பாக்குற. இதுல கையால செஞ்சதுன்னு வேற எழுதி அனுப்புற."

கதைகளைப் பற்றியும் அதையேதான் சொல்லுவாள்.

3

(இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி முடியாது.)

ஒரு மதியம் மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தபோது நெட்டை என்னிடம் மட்டும் சொன்னாள். அவளும் கணவரும் ஒன்பது வருடமாகத் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு. ஆனால் லைட்டர் ஒன்றுதான். அவர் பற்றவைத்துவிட்டு நடு மேடையில் வைப்பார், இவள் எடுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் பொருள் அது மட்டும்தான். இன்னொரு லைட்டர் வாங்குவது பெரிய காரியமில்லை. இரண்டு பேரும் வாங்கவில்லை.

நான் அதைக் கதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன், உயரத்தைக் குறைத்தேன், கணவருக்கு மீசை வைத்தேன். லைட்டரில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. நெட்டையின் நாத்தனார் அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய் வந்தவர். பத்திரிகையில் படித்ததும் புரிந்துகொண்டார். குடும்பம் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

நெட்டை போன் செய்தாள். "படிச்சேன். நல்லா எழுதியிருக்க" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு பதினோரு மாதம் பேச்சு இல்லை.

அவளுடைய போர்வைக்கு என்ன பூவேலை என்று யோசித்தபோதெல்லாம் லைட்டர்தான் கண்ணில் நின்றது. கடைசியில் மெஷினிலேயே இருக்கும் ஒரு இலையைப் போட்டேன். யாருக்கும் பொருந்தும் இலை. அந்த இலைதான் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டது.

4

இதுவரை எழுதியதைத் தங்கை படித்தாள்.

"இந்தக் கதையில நீ ரொம்ப நல்லவளா இருக்கியேக்கா."

"தப்பெல்லாம் ஒத்துக்கிட்டிருக்கேனே."

"ஒத்துக்கிட்டது போதல."

அவள் சொல்வது சரி. ஆகவே இதையும் சேர்க்கிறேன். அன்று மதியம் நெட்டை அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போவதற்குள் லைட்டர் விஷயம் மறந்துபோய்விடுமோ என்று எனக்கு உள்ளூரப் பதற்றம். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், பின்கட்டில் நின்று, ஒரு லீவு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.*

* அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் பென்சிலால் எழுதினேன்.

5

ஓரத்தைப் பிரிக்க மூன்று நாள் ஆனது. தையல் பிரிக்கும் ஊசியின் கூர்முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலை இழுத்து, மறுபடி அறுத்து. இடுப்பு விட்டுப்போயிற்று. நூல் முழுக்கப் போய்விட்டது, இலையின் வடிவம் மட்டும் ஊசித் துளைகளாக நின்றது. வெந்நீர் தெளித்து, நகத்தால் நீவிவிட்டேன். பாதி மூடியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"எல்லாருக்கும் போர்வை வந்துடுச்சாம். எனக்கு மட்டும் ஏன் வரல?"

நெட்டையின் குரல். "தைக்கும்போது ஒரு தப்பு நடந்துடுச்சு. ஓட்டை தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா தெரியட்டும். போத்திக்கத்தானே போறேன். நேர்ல வந்து குடு. உன்னைப் பாக்கணும் போல இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான்டி. இதைப் பத்தி எழுதிடாத. போர்வை, நான், இந்தப் போன், எதையும்."

"சரி" என்றேன்.

அந்தச் சமயம் மூன்றாம் பகுதி வரை எழுதி முடித்திருந்தேன்.

6

முடிவுகள்:

அ) போர்வையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், இந்தத் தாள்களைக் கிழித்துப்போடுகிறேன். நல்ல முடிவு. ஆனால் இதில் இந்தக் கதையே இருக்காது.

ஆ) லைட்டரை மட்டும் எடுத்துவிடுகிறேன். தீப்பெட்டி போட்டுப் பார்த்தேன். கதை செத்துப்போயிற்று.

இ) இரண்டையும் எடுத்துப் போகிறேன். போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அவள் இதைப் படிக்கிறாள். படித்துவிட்டு என்ன சொல்வாள் என்று நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் என்னை மன்னித்துவிட்டாள், நாலிலும் பேசியது நான்தான்.

ஈ) அவள் கதவைத் திறக்கும்போது...

(இதற்கு மேல் வரவில்லை. அலுத்துப்போய்விட்டது. தைப்பதும், பிரிப்பதும், எழுதுவதும்.)

போர்வையைப் பையில் போட்டு வாசல் கதவருகே வைத்திருக்கிறேன். தங்கை அதைத் தாண்டித் தாண்டிப் போய்வருகிறாள். தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. இரண்டில் எது முதலில் வீட்டை விட்டுப் போயிற்று என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு உதவி. உயரமான ஒரு பெண்மணியை எங்காவது பார்த்தால், வாசலில் நுழையும்போது வழக்கமாகத் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள், அவளிடம் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். லைட்டரைப் பற்றி மட்டும் உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.