ஷெத்லி கொண்டுவந்த மெஷின்

லஸாத் இறந்து நாற்பதாம் நாள். தோஸரில் அவன் வீட்டு முற்றத்தில் பெண்கள் கூஸ்கூஸுக்குக் காய் நறுக்கினார்கள், பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்தார்கள். கைக்கு ஆயிரம் வேலை இருந்தாலும் வாய்க்கு ஒரே வேலைதான்: லஸாதின் தம்பி ஷெத்லியைத் திட்டுவது.

சர்க்கரை பார்க்கிற அந்த மெஷினைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்தவன் அவன்தான். பழைய மெஷினுக்கு மருந்துக்கடையில் ரத்தச் சொட்டு வைக்கிற பட்டை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. "அங்க ஆஸ்பத்திரியிலயே இதான் அண்ணி" என்று அவன் சொன்னதும் லஸாதின் பெண்டாட்டி ஹெதியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் புருஷன் பேச்சைவிட அதைத்தான் நம்பினாள். வேறென்ன செய்வாள்? சட்டைப்பையில் மக்ரூத் துண்டை வைத்துக்கொண்டே "இனிப்பா? நானா?" என்று கேட்கிற மனுஷன் அவன்.

அந்த நோன்பு நாளில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைப் பிளந்து அவளே அவன் கையில் கொடுத்தாள். அவன் தின்று முடித்ததும் விரலைப் பிடித்துக் குத்தினாள். மெஷின் முந்நூற்றைத் தாண்டிக் காட்டியது.

"நோன்புலகூடத் திருட்டுத் தீனியா?"

"அல்லாஹ் மேல ஆணையா ஒண்ணும் தொடல, ஹெதியா. கை நடுங்குது. ஊசி வேணாம்."

"மெஷின் பொய் சொல்லுமா? பொய் சொல்றது நீங்கதான்."

வழக்கத்தைவிடக் கூடுதலாகவே மருந்தை ஏற்றினாள். அவன் இரண்டு வாய் சூப்பு குடித்துவிட்டுப் படுத்தான். நோன்புக் களைப்பு என்று விட்டுவிட்டாள். எழுப்பப் போனபோது தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவன் கண் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து மெஷின் கொலைகாரன், ஷெத்லி அதன் கூட்டாளி. ஹெதியா அவன் முகத்தில் விழிக்கவில்லை. அண்ணனின் நாற்பதுக்கு வந்தவன் வாசலோடு நின்றான். ஒரு கிளாஸ் தேநீர் கொடுப்பாரில்லை.

"அந்தப் பொய்யன் மெஷினைக் கொண்டாங்கடி, என்கிட்ட என்ன சொல்றான்னு பாக்கறேன்" என்றாள் பக்கத்து வீட்டு மப்ரூகா. அவளும் சர்க்கரைக்காரிதான். கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கையோடு விரலைக் குத்தினாள். முந்நூற்றுப் பத்து.

"காலையில ஒரு துண்டு ரொட்டிதான் தின்னேன்! பாத்தீங்களா இவன் யோக்கியதையை?"

பாங்கு கேட்டது. எல்லோரும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து தொழுதார்கள். மப்ரூகா விடுவதாயில்லை, தொழுது முடித்துவந்து மறுபடி குத்தினாள். நூற்று முப்பது.

"ஒரு தொழுகைக்குள்ள ரெண்டு பேச்சு! எங்க வீட்டுக்காரரே தேவலாம்டி."

துக்க வீடு என்பதை மறந்து பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஹெதியா மட்டும் மப்ரூகாவின் கழுவிய விரல்களைப் பார்த்தாள். பிறகு பழத் தட்டைப் பார்த்தாள். ஒரு பழத்தை எடுத்துப் பிளந்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தினாள். இரண்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன.

அன்றைக்கு லஸாத் ஒளு செய்தது பாங்குக்கு முன்னால். பழம் தின்றது அதற்குப் பிறகு.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வாசலில் ஷெத்லி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. அண்ணனைப் போலவே ஒரு தோள் சரிந்த நிற்பு.

"உள்ள வாப்பா ஷெத்லி."

அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மெஷின் மேல தப்பில்ல. விரல்ல ஒட்டியிருந்த பழத்தோட இனிப்பைத்தான் அது சொல்லிருக்கு. பழத்தைக் கொடுத்தவ நான், குத்தினவளும் நான்."

"அண்ணி, விடுங்க..."

"ஊசி வேணாம்னார்ப்பா. கை நடுங்குதுன்னார். ஆயுசுக்கும் என்கிட்டப் பொய் சொன்ன மனுஷன், அன்னிக்கு ஒரு நாள்தான் நெசத்தைச் சொன்னார். நான் நம்பல."