காத்திருப்போர் பட்டியலில் இரண்டாம் பெயர்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கிண்டலில் பிறந்தது. கிண்டல் செய்தவன் நான்.

மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் எழுத்தர் வேலை எனக்கு. (கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் இன்னும் ஓய்வு பெறவில்லை.) 1979 ஜூன் மாதம், வரிசையில் வந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். பெயர் மாயக்காள். தகப்பனார் மொக்கையன். ஊர் செக்கானூரணிப் பக்கம். வயது பத்தொன்பது. பி.யு.சி.யில் வரலாறு. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள்.

"பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எங்கம்மா?"

"படிக்கல சார். நான் ஹிஸ்டரி குரூப்பு."

"அப்புறம் எதுக்கு பி.எஸ்ஸி. நர்சிங்குக்குப் போடுறே? மூணு வருச டிப்ளமோ இருக்கு. அதுக்கு எந்த குரூப்பா இருந்தாலும் எடுப்பாங்க."

"எனக்கு இதுதான் சார் வேணும்."

பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். வெயில் வேறு. "அப்ப ஒண்ணு செய். பிளஸ் டூன்னு புதுசா வந்திருக்குல்ல? திரும்பிப் போயி பதினொன்னாம் வகுப்புல ஒக்காரு" என்றேன். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "எந்தப் பள்ளிக்கூடத்துல சார் சேத்துக்கிருவாங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த ஆளு" என்றேன்.

2.

கதையை இந்த இடத்தில் ஆரம்பிக்கலாமா என்பதில் எனக்கு வெகுநாள் சந்தேகம். வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"செக்கானூரணியிலிருந்து வரும் பேருந்து ஆரப்பாளையத்துக்குள் நுழைந்தபோது மாயக்காளின் கண்களில்..." — கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

"சேவை என்பது..." — இதை நானே அடித்தேன்.

மூன்றாவதாக எழுதியது ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. அதுதான் சரியான இடம். அந்த ஜூன் மாதத்துக்கு ஐந்து மாதம் முன்பு, மாயக்காளின் அண்ணன் விருமாண்டி கிணறு வெட்டும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு மாயக்காள் இருந்தாள். வரலாற்று நோட்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு முகம் துடைத்துவிட்டாள், மலப்பாத்திரம் எடுத்துவைத்தாள். ஆபரேஷன் அன்று காலை யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிப் போயிருந்தார்கள்.

"ஆத்தா, நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஒரு மடக்கு தண்ணி குடு" என்று விருமாண்டி கெஞ்சினான். இவள் அரை டம்ளர் கொடுத்தாள்.

தள்ளுவண்டி வந்தது. "எதுவும் சாப்பிட்டாரா, குடிச்சாரா?" என்று கேட்டார்கள். விருமாண்டி இல்லையென்று தலையாட்டினான்.

மாயக்காள், "தண்ணி குடிச்சாரு. நாந்தான் குடுத்தேன்" என்றாள்.

ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது. நாலு நாளும் அவன் வலியில் முனகினான். அந்த வார்டின் நர்ஸ் செல்லத்தாய் இவளை வராந்தாவில் வைத்துச் சத்தம் போட்டார்.

"படிச்ச புள்ளதான நீ? சொன்னாக் கேக்க மாட்டியா?"

"ஒரு மடக்குத் தண்ணிதானேன்னு நெனச்சேன் சிஸ்டர். அதுல என்ன ஆகிரும்?"

"மயக்க மருந்து குடுத்தா வயித்துல கெடக்குறது தொண்டைக்கு ஏறும். அது நுரையீரலுக்குள்ள எறங்குச்சுன்னா உங்கண்ணன் எந்திரிக்க மாட்டான். அதான் ஆகும்."

மாயக்காள், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனே" என்றாள்.

"அறுபது கட்டிலுக்கு நான் ஒருத்தி. வேண்டாம்னு சொல்லத்தான் நேரம் இருக்கு. ஏன்னு சொல்ல எங்க நேரம்?"

நர்ஸ் போய்விட்டார். அந்த 'ஏன்' மட்டும் மாயக்காளை விட்டுப் போகவில்லை. அண்ணன் பொய் சொன்னபோது தானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஏன் என்று தெரிந்தவளாக, அதைக் கட்டிலுக்குக் கட்டில் நின்று சொல்பவளாக ஆகவேண்டும் என்று அங்கேதான் முடிவெடுத்தாள்.

[இந்த இடத்தில் நான் 'வராந்தாத் தூணில் சாய்ந்து விம்மி அழுதாள்' என்று எழுதியிருந்தேன். எழுதிய படியை மாயக்காளிடமே படிக்கக் கொடுத்தேன். பென்சிலால் அடித்துவிட்டாள். "அழுகல சார். கோவந்தான் வந்துச்சு. எம் மேல பாதி, அந்தம்மா மேல பாதி."]

3.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்பார். டிப்ளமோவில் சேர்ந்திருந்தால் 1982-லேயே வெள்ளைச் சேலை கட்டி வேலைக்குப் போய்விடலாமே? அதற்கு அறிவியல் வேண்டாமே? அங்கே சொல்லிக்கொடுக்காததா இங்கே?

நானும் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன், மூன்று பதில் சொன்னாள். முதல் தடவை, "டிகிரிய விட்டுட்டு வாறதுக்கு டிகிரியா இருந்தாத்தான் எங்கப்பா விடுவாரு" என்றாள். இரண்டாம் தடவை, "நாளைக்கு நாலு பேருக்குப் பாடம் எடுக்கணும்னா இது வேணுமாமே" என்றாள். மூன்றாம் தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க முடியாதுன்னு சொன்னீங்கல்ல. அதான்."

எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதை நம்பினால் என் தலையில் கனம் கூடுகிறது. அதனால் மூன்றையும் எழுதிவைக்கிறேன்.

4.

மொக்கையனிடம் சொன்ன அன்று வீட்டில் சத்தம் தெரு முக்குவரைக்கும் கேட்டதாம். ஊரில் பி.ஏ. வரைக்கும் போன முதல் பெண் அவர் மகள். அதை அவர் சொல்லாத ஆள் கிடையாது.

"அம்புட்டுப் பயலும் முன்னால போறான். நீ ஒருத்தி மட்டும் பின்னால போறேங்கிறே. காலேசுக்குப் போன புள்ள திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னா ஊருல என்னத்தச் சொல்லுவான்? பெயிலாப் போனான்னு சொல்லுவான்."

"தேனிக்குப் போற வண்டியில தப்பா ஏறிட்டோம்னு செக்கானூரணியிலயே தெரிஞ்சு போச்சு. எறங்குவியா, டிக்கெட்டு எடுத்தாச்சுன்னு தேனி வரைக்கும் போவியாப்பா?"

"நீ பேசிருவ ஆத்தா. கண்ட ஆம்பளைக்கும் பீ அள்ளணும், அது தெரியுமா?"

"தெரியும். ரெண்டு மாசமா ஒம் மகனுக்கு அள்ளுனேன்ல?"

மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் கேட்கும் கடிதத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். இருபது நாள் அவர் பேனாவைத் தொடவில்லை. அவள் தினமும் கடிதத்தை அவர் சாப்பிட்டு முடித்ததும் முன்னால் வைத்தாள். தினமும் எடுத்து மடித்துவைத்தாள். இருபத்தோராம் நாள் அவர் கேட்டார்.

"மொத்தம் எத்தன வருசம்?"

"ரெண்டும் நாலும் ஆறு."

"அப்ப எனக்கு என்ன வயசாகும்?"

"அம்பத்தேழு."

அவர் விரல் விட்டுப் பார்த்தார். "அம்புட்டு நாள் இருக்க மாட்டனா? இருப்பேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

(இதில் ஒரு எழுத்தைக்கூட நான் சேர்க்கவில்லை. சேர்க்க முயன்று தோற்றேன்.)

5.

செல்லூரில் சின்னம்மா வீட்டில் மாயக்காள் தங்கிக்கொண்டாள். விசைத்தறிச் சத்தம் ஓயாத சந்து. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்குள் மாயக்காள் முதன்முதலாகக் காலை வைத்ததும், வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்றது. சேலையும் வயதும் அப்படி.

அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. ஓடவில்லை. "நான் டீச்சர் இல்ல. கடைசி பெஞ்சுல எடம் இருக்கா?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. மறுநாள் முதல் பாவாடை தாவணியில் போனாள்.

பக்கத்து இடம் அலர்மேல்மங்கை என்ற பெண்ணுடையது. பதினாறு வயது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற சுங்குடிச் சாயப்பட்டறைக் குடும்பம். வேதியியல் சோதனைச்சாலையில் மாயக்காள் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டைத் திறந்தால் கரைசல் ஒவ்வொரு முறையும் அடர் சிவப்பாகிப் பாழாகிவிடும். அலர்மேல்மங்கை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, செகப்பு வர்ற வரைக்கும் விடாதீங்க. வரப்போகுதுன்னு தெரியும்ல, அப்பவே நிறுத்தணும். சாயத்துல அப்படித்தான்."

"வரப்போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டே இருந்தாத் தெரியும்."

அதே அலர்மேல்மங்கை தவளையை அறுக்கச் சொன்ன அன்று வாசலோடு நின்றுவிட்டாள். அசைவத்தின் வாசமே படாத வீடு. மாயக்காள் அவள் கையைப் பிடித்துக் கத்திரியைக் கொடுத்து, எங்கே வெட்டுகிறோம், ஏன் அங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வெட்டவைத்தாள். இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருப்பதை இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

6.

இயற்பியல்.

(இந்தப் பகுதியை இந்த ஒரு சொல்லோடு முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.)

காலாண்டுத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"மாயக்காள், இன்னும் நேரம் இருக்கு. ஹிஸ்டரி குரூப்புக்கு மாறிக்கோ. பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு எடுப்ப."

"ஹிஸ்டரி எனக்குத் தெரியும் டீச்சர். தெரியாததப் படிக்கத்தான் வந்திருக்கேன்."

"அடித்தளமே இல்லாம எப்படிம்மா?"

அந்த வார்த்தையை அவள் இரண்டு நாள் மனதில் போட்டுப் புரட்டினாள். மூன்றாம் நாள் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே நின்றாள். "விளையாட்டுப் பீரியடுல நான் ஒன்பதாம் வகுப்புல போயி ஒக்காரட்டுமா? அங்கதான் அடித்தளம் போடுறாங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு அனுமதியை யாரும் கேட்டதில்லை.

பி.ஏ.விலிருந்து பதினொன்றுக்கு, பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு. இருபது வயதுப் பெண் பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு, முழங்கால் பெஞ்சில் இடிக்க, நெம்புகோலையும் விசையையும் படித்தாள். வாரத்தில் இரண்டு பீரியட். ஒரு வருஷம். அந்தப் பிள்ளைகள் கேட்கத் தயங்கிய கேள்விகளையெல்லாம் இவளே கேட்டாள். அவர்களுக்கும் சேர்த்துப் புரிந்தது.

1981 மார்ச்சில் அரசுத் தேர்வு. இருநூற்றுக்கு உயிரியல் 171, வேதியியல் 148, இயற்பியல் 109.

[முதல் படியில் இயற்பியலுக்கு 186 போட்டிருந்தேன். கதைதானே என்று. "அண்ணே, நூத்தி ஒம்பதுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அத எதுக்கு அழிக்கிறீங்க?" என்றாள். என்னை அவள் முதன்முதலாக 'அண்ணே' என்று கூப்பிட்டது அப்போதுதான்.]

7.

ஆகஸ்டில் பட்டியல் ஒட்டினோம். ஒட்டியவன் நான்தான், பசை என் கையில்தான் இருந்தது. தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது பெயர். இயற்பியலில் இன்னும் ஏழு மதிப்பெண் இருந்திருந்தால் உள்ளே.

அவள் பட்டியலை இரண்டு முறை படித்தாள். என் ஜன்னலுக்கு வந்து, "எதுவரைக்கும் கூப்புடுவீங்க?" என்று கேட்டாள். செப்டம்பர் முப்பது என்றேன். அன்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என் முகம் நினைவில்லை, வார்த்தை மட்டும் நினைவிருந்தது. "நீங்களா அது? நல்லதாப் போச்சு சார். வேற யாரும் எனக்கு வழி சொல்லல" என்றாள். கிண்டலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை எழுதட்டுமா என்று கேட்டது அதற்கடுத்த வாரம்.

போன திங்கட்கிழமை, தேர்வான பெண் ஒருத்தி மருத்துவப் படிப்புக்குப் போய்விட்டாள். காத்திருப்பில் முதல் பெயரைக் கூப்பிட்டோம். அது மாயக்காள் இல்லை.

நேற்று ஒரு பெரியவர் ஜன்னலில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை.

"நான் மாயக்காளோட அப்பன், மொக்கையன். அடுத்த வருசத்துக்குப் பாரம் எப்பய்யா குடுப்பீக?"

"இன்னும் எட்டு நாள் இருக்கே பெரியவரே. இந்த வருசமே கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

"அது வந்தா வரட்டும். அவ பிசிக்ஸ மறுபடி எழுதப் பேரு குடுத்துட்டா. எம் பங்குக்குப் பாரத்தக் கேட்டு வச்சுக்கிருவோம்னு வந்தேன்."

"ஊருல எதுவும் சொல்லலையா?"

"சொல்றான், பெயிலாப் போயிட்டான்னு. 'ஆமாடா, ஏழு மார்க்கு. எந்த ஏழுன்னு அவளுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியுமா?'ன்னு கேட்டேன். பய போயிட்டான்."

விண்ணப்பம் ஏப்ரலில் கொடுப்போம் என்றேன். ஏப்ரலில் எந்தத் தேதி என்று கேட்டு, ஒரு சீட்டில் என்னையே எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

8.

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

அ) செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி இன்னொரு இடம் காலியாகிறது. தந்தி செக்கானூரணிக்குப் போகிறது...

ஆ) முப்பதாம் தேதி மாலை நான் ஜன்னலைச் சாத்துகிறேன். யாரும்...

இரண்டையும் அவளிடம் காட்டினேன். "மொதல்லது நல்லா இருக்கு. ரெண்டாவதும் மோசமில்ல" என்று சொல்லிவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு நேரமில்லை. ஒளிவிலகலில் ஒரு கணக்கு விடை வராமல் நின்றுகொண்டிருந்தது.

நான் இதை எழுதுவது செப்டம்பர் இருபத்து மூன்று. அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது முப்பதாம் தேதி எப்போதோ கழிந்திருக்கும். ஆகவே முடிவு என்னைவிட உங்களுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் ஒரு வேண்டுகோள். அவள் காத்திருந்தாள் என்று எழுதாதீர்கள். அவள் காத்திருக்கவில்லை.