ஒன்பதாம் நம்பர் பாட்டு

டோருன் குச்சியைத் தூக்கினாள். பேண்டு வாசிக்கத் தொடங்கியது. நாலு அடி போன பிறகுதான் அது என்ன பாட்டு என்று அவளுக்கு உறைத்தது.

அதற்குள் பின்வரிசையில் ட்யூபா நின்றுபோயிருந்தது. யாரினா அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை மடியிலிருந்து இறக்கி, சத்தம் வராமல் நாற்காலியில் சாய்த்தாள். குளிர்கோட்டை மாட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் மூடியது. படாரென்று சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது டோருனுக்கு.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

கடைசியாக நின்றது இங்வால்டின் யூஃபோனியம். ட்யூபாவுக்குத் தம்பி மாதிரியான வாத்தியம். சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை வாசிக்கிறார். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதிலிருந்து ஓய்வு பெறவில்லை. வரியை முடித்துவிட்டுத்தான் உதட்டை எடுத்தார்.

"ஒன்பதாம் நம்பரை ஸ்டாண்டுல வச்சது யாரு?" என்றாள் டோருன்.

"நான்தான். அக்டோபர் வந்தா வைக்கிறதுதானே. என்ன புதுசா கேக்கற?"

"இந்த வருஷமுமா, இங்வால்ட்?"

"வச்சது நான். குச்சிய ஆட்டினது யாரு, டீச்சரம்மா?"

ஆட்டியது அவள்தான். உள்ளே நுழைந்ததிலிருந்து அவள் கவலையெல்லாம் சுவரோரம் மலைபோல் அடுக்கியிருந்த டாய்லெட் பேப்பர் கட்டுகள்மேல்தான். நார்வேயில் எந்த ஊர் பேண்டும் அதை வீடு வீடாக விற்றுத்தான் பிழைக்கிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை கட்டு என்று யோசித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பாட்டுக்குப் பெயர் உண்டு. ஸாண்ட்வேர் ஊரில் யாரும் பெயர் சொல்லுவதில்லை. பேண்டின் கோப்பில் ஒன்பதாவதாக இருப்பதால் அது ஒன்பதாம் நம்பர். 1944 அக்டோபரில் எல்லை தாண்டி வந்த சோவியத் செம்படை இந்த ஊரை ஜெர்மானியர்களிடமிருந்து மீட்டது. அதற்காக ஒவ்வொரு அக்டோபரும் மேட்டின்மேல் நிற்கும் கல் சிப்பாய்க்கு ஊர் மலர்வளையம் வைக்கும். முதலில் தங்கள் கீதம், பிறகு அந்தச் சிப்பாயின் நாட்டுக் கீதம். நடுவில் அந்த நாடே உடைந்தது. கொஞ்சக் காலம் கழித்து வார்த்தைகளை மாற்றிக்கொண்டு அதே மெட்டு ரஷ்யாவின் கீதமாகத் திரும்பி வந்தது. பேண்டுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. தாளை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் போர் தொடங்கியது. மே மாதம் கார்கிவிலிருந்து யாரினா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். அங்கே ரயில்வே பேண்டில் ட்யூபா. இங்கே ட்யூபாக்காரர் ஊரைவிட்டுப் போனதிலிருந்து வாத்தியம் அலமாரியில் கிடந்தது. முதல் நாள் அவள் ஊதியபோது டிரம்மடிக்கும் ஸ்னோரே ஜன்னலுக்கு ஓடிப்போய், "எந்தக் கப்பல்டா வந்திருக்கு?" என்று எட்டிப்பார்த்தான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது யாரினாதான்.

"அவ மனசு கஷ்டப்பட்டிருக்கும், எனக்கும் தெரியுது" என்றார் இங்வால்ட், யூஃபோனியத்தின் எச்சிலைத் துணியில் தட்டியபடி. "ஆனா எங்கம்மாவுக்கு அப்ப எட்டு வயசு. ஜெர்மன்காரனுங்க ஊரையே கொளுத்திட்டுப் போயிட்டானுங்க. சனம் மொத்தமும் சுரங்கத்துக்குள்ள. உள்ள வந்து எங்கம்மா கையில கறுப்பு ரொட்டிய வச்சது ஒரு ரஷ்யச் சிப்பாய். அவனுக்கு நன்றி சொல்றத இன்னொருத்தன் செஞ்ச பாவத்துக்காக நிறுத்தணுமா?"

"நிறுத்தச் சொல்லல."

"அப்ப ஒன்பது இருக்கும்."

"ஒன்பது இருந்தா ட்யூபா இருக்காது."

"ஒன்பது இல்லேன்னா நான் இருக்க மாட்டேன்."

ஸ்னோரே குச்சிகளைத் தோளில் சாத்திக்கொண்டான். "சரி, நான் ஒருத்தனே போறேன். டிரம்ம அடிச்சுக்கிட்டே டாய்லெட் பேப்பரும் வித்துட்டு வந்துடறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை முனிசிபாலிட்டியிலிருந்து போன். விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது. "இந்த வருஷம் மட்டும் விழாவ விட்டுடலாமே, டோருன். காத்து பலமா அடிக்கும்னு வேற சொல்றாங்க" என்றது ஒரு தேன் குரல்.

"காத்து பேரைச் சொல்லி நான் ரத்து பண்ண மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு எடுப்பவள் அவள். 'வந்தார்கள், மீட்டார்கள், அடுத்த வருடம் திரும்பிப் போனார்கள்' என்று பதினெட்டு வருடமாக ஒரே மூச்சில் சொல்லிக் கடந்த பாடம் அது. அன்று கரும்பலகையில் ஒரு பக்கம் 1944 என்றும் மறுபக்கம் 2022 என்றும் எழுதி நடுவில் கோடு இழுத்தாள். இழுத்த பிறகு கோட்டின்மேல் என்ன எழுதுவதென்று விளங்காமல் நின்றாள்.

முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்: "அன்னைக்கு நம்மளக் காப்பாத்தினதும் இன்னைக்கு அவங்கள அடிக்கிறதும் ஒரே ஆளுங்களா?"

"இல்ல. அன்னைக்கு வந்த படையில ரஷ்யன் இருந்தான், உக்ரைன்காரன் இருந்தான், இன்னும் எத்தனையோ ஊர்க்காரன் இருந்தான். செத்தவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே கல்லு."

"அப்ப அந்தப் பாட்டு எப்படி ஒருத்தருக்கு மட்டும் ஆச்சு?"

டோருன் சாக்பீஸைக் கீழே வைத்தாள். நேராகப் போக வேண்டிய இடம் யாரினா வேலை செய்யும் மீன் தொழிற்சாலை என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் யாரினா சுவரோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் வலைத்தொப்பி, கையில் ரப்பர் உறை.

"மன்னிச்சுடு. நான் பாக்காம கையைத் தூக்கிட்டேன்."

"தெரியும். உன் முகத்தப் பாத்தேன். பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு." யாரினா புகையை எதிர்ப்பக்கம் ஊதினாள். "உங்க கல்லுமேல எனக்குக் கோபம் இல்ல, டோருன். எங்க கொள்ளுத்தாத்தாவும் அதே படைதான். அதே தொப்பி. போலந்துல எங்கயோ கிடக்கார். அந்தச் சிப்பாய்க்குப் பூ வைக்கச் சொன்னா நான் வைப்பேன். ஆனா அந்தப் பாட்டு வேணாம். இப்ப அதக் கேட்டா எனக்கு ஷெல் குண்டு வர்ற விசில் சத்தம்தான் கேக்குது."

"விழாவையே ரத்து பண்ணலாமான்னு கேக்கறாங்க."

"ஐயையோ, பண்ணிடாதே! உக்ரைன்காரி வந்தா, ஊர் விழா போச்சுன்னு பேசுவாங்க. நான் இந்த ஊர்லதானே இருக்கணும்? கடைக்குப் போகணும், பஸ்ல ஏறணும்."

இதை டோருன் யோசித்திருக்கவில்லை.

"அந்தக் கிழவர் என்ன சொல்றார்?" என்றாள் யாரினா.

"பாட்டு இல்லேன்னா வர மாட்டாராம்."

"வராட்டி நல்லது. சுருதி சேரும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒத்திகை தொடங்குமுன் யாரினா ட்யூபாவில் ஒரு நீளமான சுருதி கொடுப்பாள். எல்லோரும் அதோடு சேர வேண்டும். இங்வால்ட் மட்டும் எப்போதும் ஒரு மயிரிழை மேலே நிற்பார். அவள் திரும்பி முறைப்பாள். அவர் கூரையைப் பார்ப்பார். "எங்க கார்கிவ் பேண்டுல சுருதி சேக்கவே அவ்வளவு நேரம் எடுப்போம். எது யாரோட சத்தம்னு தெரியாமப் போகணும். நீங்க இந்த ஊர்ல ஒரு தடவையாவது அப்படி நின்னிருக்கீங்களா?"

மணி அடித்தது. சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

டோருன் அங்கேயே நின்றாள். ஒரு நிமிடம் கழித்துத்தான், தான் கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டதென்று புரிந்தது.

இங்வால்ட் வீட்டுக் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கோடரியை இறக்கவில்லை.

"வெறும் சுருதியா? எங்கம்மாவ வாழவச்சவனுக்கு ஒரே ஒரு சத்தமா? பாட்டு வாசிக்கத் தெரியாதவன் ஊதறாப்ல?"

"யாரோட கீதமும் கிடையாது. நம்மளுதும்தான்."

"நம்மளுதுமா! டீச்சரம்மா, உன்ன ஊரு கிழிச்சுத் தொங்கவிடும்."

"விடட்டும். இங்வால்ட், ஒண்ணு கேக்கறேன். சுரங்கத்துக்குள்ள அந்தச் சிப்பாய் வந்தப்ப பேண்டு ஏதாவது வாசிச்சுதா?"

"எந்தப் பேண்டு? வாத்தியமெல்லாம் தீயில போச்சு."

"பாடிக்கிட்டு வந்தானா?"

"இருமிக்கிட்டு வந்தான்னு அம்மா சொல்லுவா. இருமல். அப்பறம் பூட்ஸ் சத்தம். அப்பறம் ரொட்டி."

"அவன் எந்த ஊர்னு கேட்டாங்களா?"

கோடரியை ஓங்கிக் கட்டையில் இறக்கினார். கட்டை பிளக்காமல் கோடரி சிக்கிக்கொண்டது. அதை ஆட்டி ஆட்டி இழுத்தபடி, "நான் வரல. போயிட்டு வா" என்றார்.

சனிக்கிழமை காற்று அடிக்கவில்லை. அதற்குப் பதில் குளிர் கடித்தது. பேண்டுக்காரர்கள் வாத்திய வால்வுகள் உறையாமலிருக்க ஸ்பிரிட் விட்டு, ஊதுகுழல் முனையைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றார்கள். யாரினா தன்னுடையதை வாயிலேயே வைத்திருந்தாள். வந்துவிட்டாள், அது போதும். யூஃபோனியம் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை நெருக்கி மூட வேண்டாம் என்று டோருன் சொல்லிவிட்டாள்.

ஸ்னோரே டிரம்மின் விளிம்பில் மட்டும் தட்ட, பேண்டு மேடேறியது. டக், டக், டக். பனியில் பூட்ஸ் நொறுங்கும் சத்தம். மேலே எதிர்பார்த்ததைவிடப் பெரிய கூட்டம். என்ன நடக்கப்போகிறதென்று பார்க்க வந்த கூட்டம் அது.

டோருன் மலர்வளையத்தைக் கல் சிப்பாயின் காலடியில் வைத்தாள். ரிப்பனில் எந்தக் கொடியின் நிறமும் இல்லை. திரும்பி நின்றாள்.

"இந்த வருஷம் கீதம் எதுவும் கிடையாது. இங்க விழுந்தவங்க ஒரு நாட்டுக்காரங்க இல்ல. ஒருத்தர் பாட்டப் போட்டு மத்தவங்கள மறைக்க நான் விடமாட்டேன். பேண்டு சுருதி மட்டும் பிடிக்கும். அது யாருக்கும் சொந்தமில்ல."

"நம்ம கீதம்கூடவா இல்ல?" என்று ஒரு குரல் எழுந்தது. "வெக்கமா இல்லையா?"

"அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கலாம். இந்த வருஷம் குச்சி என் கையில இருக்கு" என்றாள் டோருன். குச்சியைத் தூக்கினாள். இந்தத் தடவை பார்த்துத்தான் தூக்கினாள்.

யாரினா ஊதினாள். கீழே துறைமுகம்வரை போகும் சத்தம். அதன்மேல் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது அடுத்தவர் தாங்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டால் சுருதி அறுந்துவிடும். அதனால் ஆளாளுக்குப் பக்கத்து ஆளைக் கவனித்தார்கள். முணுமுணுத்த கூட்டம் மெல்ல அடங்கியது. யாரோ தொப்பியைக் கழற்றினார். வெக்கமா இல்லையா என்று கேட்டவர் கழற்றவில்லை. ஆனால் போகவும் இல்லை.

அப்போது டோருனின் காதில் ஏதோ உறுத்தியது. சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே ஒரு சத்தம். எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும் சத்தம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, யூஃபோனியத்தை ஊதியபடியே இங்வால்ட் வந்தார். தன் காலி இடத்தில் போய் நின்றார். யாரினா ஊதுவதை நிறுத்தாமலே கண்ணை மட்டும் திருப்பி முறைத்தாள். அவர் வழக்கம்போல் மேலே பார்த்தார். மேலே கூரை இல்லை. கல் சிப்பாயின் முகம்தான் இருந்தது. இங்வால்ட் கையை நீட்டி வாத்தியத்தின் சுருதிக் குழாயை அரை விரல் வெளியே இழுத்தார்.

சத்தம் இறங்கியது. இறங்கி உட்கார்ந்தது. அதன் பிறகு எது யாருடையது என்று டோருனுக்குத் தெரியவில்லை.

கை வலிக்கும்வரை குச்சியை இறக்காமல் நின்றாள்.

கீழே இறங்கும்போது இங்வால்ட் அவள் பக்கத்தில் நடந்தார். "ஒன்பதாம் நம்பரைக் கோப்புலேர்ந்து எடுத்து வீட்டுப் பெட்டியில வச்சிருக்கேன். எரிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"யாரும் எரிக்கச் சொல்லல."

"என்னைக்காவது அத மறுபடி வாசிக்கிற நாள் வந்தா…"

"வந்தா யாரினாகிட்ட முதல்ல கேப்போம்" என்றாள் டோருன்.

முன்னால் ட்யூபாவைச் சுமந்துகொண்டு போன யாரினா திரும்பாமலே சொன்னாள்: "கிழவர் சுருதிக்கு இன்னும் கொஞ்சம் மேலதான் நிக்கறார். செவ்வாக்கிழமை ஒத்திகைக்குச் சீக்கிரம் வரச் சொல்லு."