‘நீங்க’ என்றொரு ஆணை

பழைய ஆட்சி கவிழ்ந்த பிறகு புதிய அரசு போட்ட ஆணைகளில் ஊரே மெச்சியது ஒன்றைத்தான். இனி யாரும் யாரையும் ‘நீ, வா, போ’ என்று கூப்பிடக் கூடாது. அதிகாரியோ துப்புரவுத் தொழிலாளியோ, எல்லாருக்கும் ‘நீங்க’தான். அதை எழுதியவன் பேனாக்காரன். தலைமறைவாக இருந்தபோது துண்டுப்பிரசுரம் எழுதி எழுதி ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது பண்பாட்டுத் துறைச் செயலாளர்.

ஆணையை விளக்க மில் மண்டபத்தில் கூட்டம். பேனாக்காரன் வெளுத்து வாங்கினான்.

“ஒரே ஒரு எழுத்த வச்சு நம்மள மண்ணுக்குள்ள அழுத்தி வச்சிருந்தாங்க!”

கைதட்டல் அடங்கியதும் ஒரு மில் தொழிலாளி எழுந்தாள்.

“எல்லாம் சரிண்ணே. வீட்ல அண்ணிய எப்படிக் கூப்பிடுவீங்க?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவன் மனைவி முன்வரிசையில்தான் இருந்தாள். ‘ஏய், சட்டைக்கு இஸ்திரி போட்டியா இல்லையா, மரம் மாதிரி நிக்கிற?’ என்று காலையில் அவன் போட்ட சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“நீங்கன்னுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து” என்றான்.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்த முகமாக, “ஆமாம்” என்றாள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அவனுக்குக் காது மடல்கள் எரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் போய் நின்றான்.

“நீ... நீங்க...”

“நாக்கு சுளுக்கிக்கப் போகுது, விடுங்க” என்றாள் அவள், திரும்பாமலே. சற்றுப் பொறுத்து அவளே தொடர்ந்தாள். “நீங்க தலைமறைவா இருந்தப்ப போலீஸ்காரன் என் முடியப் பிடிச்சு இழுத்து, புருஷன் எங்கடின்னு கேட்டான். தெரியாதுன்னேன். அதுவும் பொய்தான். ஆனா அத நெனச்சா இன்னிக்கும் நெஞ்சு நிமிருது. இன்னிக்குச் சொன்னேனே ஒரு பொய், அத எங்க கொண்டுபோய்க் கழுவறது?”

அவன் கூனிக் குறுகி நின்றான்.

மறுநாள் அமைச்சர் கூப்பிட்டனுப்பினார். அவனையும் மனைவியையும் முன்மாதிரித் தம்பதியாகப் படம் எடுத்து எல்லா அலுவலகங்களிலும் மாட்டப் போவதாகச் சொன்னார். பேனாக்காரன் மென்று முழுங்கி உண்மையைச் சொன்னான்.

அமைச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்க வீட்லயும் அதே கதைதான்யா. வெளியில மூச்சு விடாத. போ, போய் வேலையப் பாரு.”

ஒத்துக்கொண்டால் பாரம் இறங்கும் என்று நம்பிப் போயிருந்தான். அது இன்னொரு மடங்கு ஏறிக்கொண்டது. படம் மட்டும் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிறுத்தினான்.

அன்றிலிருந்து வீட்டில் ‘நீ’ என்று சொல்ல அவனுக்கு வாய் கூசியது. ‘நீங்க’ என்று சொல்ல முகம் இல்லை. “சாப்பாடு ஆச்சா?”, “கதவைச் சாத்தியாச்சா?” என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பேசினான். அவளும், “ஆச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.