பதினெட்டாவது வரி

காலை பத்தே முக்காலுக்கு மனைவியிடமிருந்து போன் வந்தபோது பென்குயின் ஒரு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைக்கு அவன்தான் பொறுப்பு. அறுபது மெஷின்களில் ஐம்பத்தெட்டில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு முடித்துவிட்டான். மிச்சம் இரண்டும் முதல்வருடையவை. எந்தப் பேச்சை எடுத்தாலும் லினக்ஸில் கொண்டுபோய் முடிக்கிறவன் என்பதால், அதன் சின்னமான பறவையின் பெயரையே அவனுக்கு வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பேர்தான். அவன் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான்.

"பென்டிரைவ்ல படம் இல்ல," என்றாள் அவள். வராந்தாவில் நின்று பேசுகிறாள் போல. பின்னால் யாரோ செருப்புச் சத்தத்தோடு நடந்து போனார்கள்.

"ஒண்ணுமே இல்லையா?"

"பேரு இருக்கு. நாப்பது படத்துக்கும் பேரு இருக்கு. தோள்பட்டை வரைக்கும் திறக்குது. கையிலேர்ந்து எல்லாம் பூஜ்யம். அவங்க கேட்டதே கையத்தான்."

அவன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். "காப்பி ஆனதும் என்ன பண்ணின?"

"என்ன பண்ணுவாங்க? முடிஞ்சதுன்னு காட்டிச்சு. உருவிட்டு ஓடி வந்தேன். எப்பவும் போல."

எப்பவும் போல. விண்டோஸில் பத்து வருஷமாக அவள் அப்படித்தான் உருவினாள். ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்லை. இப்போது அவள் மெஷினில் இருப்பது அவன் போட்ட லினக்ஸ். அதன் வழக்கம் வேறு. கொடுத்ததைத் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். பென்டிரைவுக்குள் அதன் பிறகு சாவகாசமாக எழுதிக்கொண்டிருக்கும். வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகுதான் உருவ வேண்டும். அவன் கை தானாகச் செய்கிற வேலை அது.

ஆறு வருஷமாக அவள் மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கிற காகிதத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இன்று மருத்துவப் பாடநூல் குழுவின் முன்னால் நிற்கிறாள். தேர்வானால் இரண்டு வருஷம் முழு உடம்பையும் வரையலாம். புத்தகத்தில் அவள் பெயரும் வரும். கையின் நரம்புகளுக்காக மட்டும் நான்கு மாதம் குனிந்திருந்தாள். ராத்திரி தூக்கத்தில்கூட அவன் விரலைப் பிடித்து மூட்டுகளை எண்ணுவாள். அவளுக்கு எலும்பு என்று பெயர் வைத்தவன் அவன்.

"அரை மணி நேரம் தந்திருக்காங்க. ஏதாவது பண்ணு பென்குயின்."

படங்கள் வீட்டு மெஷினில் பத்திரமாக இருந்தன. மெஷின் அணைந்து கிடந்தது. ஓடினாலும் வீட்டுக்கு ஐம்பது நிமிஷம். அது ஓடிக்கொண்டு மட்டும் இருந்தால் இங்கிருந்தே உள்ளே புகுந்து படங்களை அனுப்பிவிடுவான். வீட்டில் மாமியார் இருந்தார். கூப்பிட்டான்.

"அத்தை, எலும்போட மெஷின போடணும். அவசரம்."

"என் பொண்ண எலும்புன்னு கூப்பிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? கேக்கறவங்க நான் சோறே போடலன்னு நெனைப்பாங்க மாப்பிள்ளை."

"அத்தை, கைகூப்பிக் கேக்கறேன். மேசைக்குக் கீழ கருப்புப் பொட்டி, அதுல வட்டமா ஒரு பொத்தான்."

"இருங்க, கண்ணாடி எங்கயோ... ஆங், அழுத்திட்டேன். உறுமுது. ஏதோ இங்கிலீஷ்ல கேக்குது."

அவனே வைத்த பூட்டு அது. யார் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது என்று, திறக்கும் முன்பே இருபத்தேழு எழுத்துக் கடவுச்சொல் கேட்கும்படி பண்ணியிருந்தான். அடிக்கிற எழுத்தும் திரையில் விழாது. அதையும் பெருமையாகத்தான் செய்தான்.

"நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், அடிங்க."

"அடிச்சா ஒண்ணும் வரலயே?"

"வராது அத்தை. அது அப்படித்தான்."

"அடிக்கறது தெரியாம எப்படி அடிக்கறது? கண்ணக் கட்டி காட்டுல விட்ட கணக்கா இருக்கே."

முதல் தடவை பதினோராவது எழுத்தில் அவருக்குச் சந்தேகம் வந்து அழித்தார். எத்தனை அழிந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது தடவை கடைசிவரை வந்து, தப்பு என்றது. மூன்றாவது தடவையும் தப்பு என்று சொல்லிவிட்டு மெஷின் பிடிவாதமாக நின்றுவிட்டது. அணைத்துப் போடச் சொன்னான். "என்னால கெட்டுப்போச்சா மாப்பிள்ளை?" என்றார். அதற்குள் மணி பதினொன்றே கால். மனைவியின் எண்ணிலிருந்து ஒரு வரி வந்து விழுந்தது: 'போதும். உள்ள கூப்பிட்டுட்டாங்க.'

அவன் விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தான். வழியெல்லாம் ஒரே ஒரு காகிதம் கண்முன் ஆடியது.

ஏழு வாரம் முன்பு அவள் வரைந்துகொண்டிருந்தபோது விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தானாக அணைந்து எழுந்தது. சேமிக்காத அரை நாள் வேலை போனது. அவள் அழுதாள். அவன் ஆறுதல் சொன்னான்; உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் பட்டான். அன்றே உட்கார்ந்து பட்டியல் போட்டான். இடப்பக்கம் விண்டோஸ், வலப்பக்கம் லினக்ஸ். எது உன்னைக் கேட்காமல் அணையும், எது கேட்கும். எது பழைய மெஷினில் மூச்சு வாங்கும், எது ஓடும். பாரபட்சமில்லாமல் எழுதுவதாகத்தான் நினைத்தான். அவளுடைய பழைய வரையும் மென்பொருள் இதில் ஓடாது, வேறு பழக வேண்டும் என்பதைக்கூட எழுதினான். பதினெட்டாவது வரியில் பென்டிரைவ் வந்தது. இடப்பக்கம்: உருவலாம். வலப்பக்கம்: உருவினால் போச்சு.

அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கும் அவசரப்படுகிறவள், இதைப் படித்தால் 'எனக்கு இது சரிப்படாது' என்று எழுந்து போய்விடுவாள். போட்டபிறகு வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று வரியை அழித்தான். அவள் பதினேழையும் படித்தாள். 'சரி, உன்ன நம்பறேன்' என்றாள். போட்ட பிறகு அவன் வாயால் சொல்லவும் இல்லை.

பாடநூல் அலுவலகத்தின் வெளிப்படிகளில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

"ஒன்பது படத்தப் பாத்தாங்க. நல்லாருக்குன்னாங்க. 'ஒரு கோப்பக்கூட ஒழுங்கா கொண்டுவர மாட்டீங்களா'ன்னு ஒருத்தர் கேட்டார். அடுத்த ஆளக் கூப்பிட்டாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நான் ஒரு அவசரக்குடுக்கை. கடைசில திறந்து பாத்திருக்கணும். அம்மா வேற அழுதுட்டிருக்கா."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் தன்னையே இரண்டு நாள் திட்டிக்கொள்வாள், பிறகு வரையப் போய்விடுவாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"உன் தப்பு இல்ல," என்று தொடங்கி, உருவக் கூடாது என்பதையும் அழித்த வரியையும் சொன்னான். "தெரியாம விடல. தெரிஞ்சேதான் எடுத்தேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. எதிரே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"நான் வேணாம்னு சொல்லிடுவேன்னா?"

"ஆமா."

"சொல்லியிருப்பேன்தான்." பையின் வாரை இழுத்துவிட்டு, "வேற என்னெல்லாம் எடுத்த?" என்றாள்.

"இல்ல, அது ஒண்ணுதான்..."

"யோசிச்சு சொல்லு."

யோசித்தான். அச்சுக்குப் போகும் நிறம் இதில் கொஞ்சம் மாறித் தெரியலாம் என்றான். வரைபலகையின் பக்கத்துப் பொத்தான்களில் இரண்டு இன்னும் வேலை செய்யவில்லை, அவள் கவனிக்கவில்லை என்று விட்டுவிட்டான். மாமியாருக்கு அவள் படம் போட்டுக் காட்டும் தளம் மங்கலாக வருவது வீட்டு இணைப்பால் இல்லை, லினக்ஸால்தான் என்றான். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவன் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று. அவள் குறுக்கே பேசாமல், நோயாளி சொல்வதைக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சத்தியமா."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"சரி," என்றாள். "மத்ததுல?"